மூக்கம்மாளுக்கும் லீவு

தேயிலைக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவளுக்குக் காட்டைக் கண்டு என்ன பயம் என்று கேட்பீர்கள். தேயிலைக் காடு ஒரு காடா? இடுப்பு உயரத்துக்கு வெட்டி நிறுத்திய செடி. நிமிர்ந்தால் வானம், திரும்பினால் கங்காணி. அன்னாளுக்குத் தெரிந்த காடு அதுதான். தேக்கடிக்குள்ளே அவள் பார்த்தது வேறு. ஐந்தாறு பேர் கைகோத்து நின்றாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரங்கள். நடுப்பகலிலேயே கீழே அந்தி இருட்டு. காலடியில் மண்ணே தெரியவில்லை. வருஷக்கணக்காக உதிர்ந்து மக்கிய இலைதான், மிதித்தால் பொதுக்கென்று கால் உள்ளே போயிற்று. லாரியை விட்டு இறங்கிய நிமிஷத்திலிருந்து அவளுக்குப் பயம்தான்.

அது ஐம்பத்தேழாம் வருஷம், கிறிஸ்துமஸுக்கு மறுநாள். ஏலப்பாறைக்கு மேலே அவர்கள் வேலை செய்த எஸ்டேட்டின் துரைக்கு அந்த வருஷம் என்ன மனசு வந்ததோ, லாரியைக் கொடுத்து, குமுளிப் பக்கம் தேக்கடிக்குப் போய்க் காட்டையும் அருவியையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். கைப்பிள்ளை கணக்கில் சேராமல் நாற்பத்தொரு பேர் கிளம்பினார்கள். எண்ணி ஏற்றியவர் பெரியமுத்து கங்காணி. ஊர் பார்க்கப் போகிற நாளிலும் அந்த மனுஷர் காக்கிக் கோட்டை மாட்டிக்கொண்டு, கழுத்தில், வேலை நேரத்துக்கு ஊதுகிற கொம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். கொம்பில்லாமல் அவருக்குக் கொல்லைக்குப் போகக்கூடத் தெரியாது என்று பெண்கள் லாரியில் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அன்னாளும் சிரித்தாள். பக்கத்தில் புருஷன் சுவக்கீன். மடியில் ஐந்து மாதப் பிள்ளை ஞானஜோதி.

காட்டு முகப்பில் பாரஸ்ட் கார்டு குட்டப்பன் சேர்ந்துகொண்டார். மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிறவர்.

"ஆனைக்கூட்டம் குட்டியோட இந்தப் பக்கம் எறங்கியிருக்கு, கேட்டோ. நான் சொன்னா உடனே எல்லாரும் திரும்பணும்."

"அதுக்கு நீங்க ஏன் கவலப்படுறீக," என்றார் பெரியமுத்து. "நான் ஒரு ஊது ஊதினாப் போதும். என் ஆளுக காய்ச்சல்ல கெடந்தாலும் எந்திரிச்சு வந்துரும்."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

அருவிக்கு ஒரு மைல் நடை. போய்ச் சேர்ந்ததும் பயமெல்லாம் கொஞ்சம் மறந்துபோயிற்று. அவ்வளவு தண்ணீர் அவ்வளவு உயரத்திலிருந்து விழுவதை அவர்களில் யாரும் பார்த்ததில்லை. பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் காது கேட்கவில்லை. ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாறைக்குப் பாறை தாவினார்கள். பெண்கள் அடுப்புக் கூட்டி அண்டாவில் சோறு பொங்கினார்கள், கருவாடு சுட்டார்கள். சாரல் வந்து முகத்தில் அடித்தது. பிள்ளைக்குச் சளி பிடித்துவிடுமே என்று அன்னாள் கொஞ்சம் பின்னால் வந்து, சாரல் எட்டாத இடத்தில் ஒரு பெரிய மரத்தின் தாழ்ந்த கிளையில் பழைய சேலையால் தூளி கட்டி, பால் கொடுத்துப் பிள்ளையைப் போட்டாள். அது ஒரு நொடியில் தூங்கிவிட்டது. அங்கிருந்து பத்தடியில் ஒரு கல்லின் மேல் மூக்கம்மாள் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தாள். அவளைக் கண்டதும் அன்னாளுக்கு நிம்மதி. ஒன்றும் சொல்லாமல் அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

சொல்ல என்ன இருக்கிறது? எஸ்டேட்டில் யாரும் சொல்வதில்லையே. மூட்டு தேய்ந்து கொழுந்தெடுக்க முடியாமல் போன மூக்கம்மாளுக்கு, மலையோரத்தில் தாய்மார்கள் கட்டிப்போகிற தூளிகளைக் காவல் காப்பதுதான் வேலை. கொம்பு ஊதினால் கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் நேரே நிறுவைக்குப் போய்விட வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றால் அரைநாள் கூலி போயிற்று. பிள்ளைகளை மூக்கம்மாள் பின்னாலேயே கொண்டுவந்து அவரவர் கையில் கொடுப்பாள். மூன்று மாதமாக அன்னாளின் உடம்பு படித்த பாடம் அது. கொம்பு ஊதினால் சுமை தலைக்கு, பிள்ளை மூக்கம்மாளுக்கு.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தபோது குட்டப்பன் மேட்டிலிருந்து ஓடிவந்து கங்காணியின் காதில் ஏதோ சொன்னார். பெரியமுத்து கொம்பை எடுத்து ஒரே ஊது ஊதினார்.

ஆனை என்று ஆளுக்கு ஆள் காதில் சொன்னதுதான் தாமதம், எல்லாரும் சாமான்களைத் தூக்கத் தொடங்கினார்கள். அன்னாள் குனிந்தாள், அண்டாவைத் தூக்கித் தலையில் வைத்தாள், வரிசையில் சேர்ந்தாள், நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை என்பதுதான் நிஜம். தலையில் சுமை இருந்தது. கழுத்து நிமிர்ந்திருந்தது. ஏதோ குறைகிறது என்று அந்தப் பாவி உடம்பு ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. வழியெல்லாம் ஆனை வந்துவிடுமோ, ஆனை வந்துவிடுமோ என்பது ஒன்றுதான் அவள் மனசில் ஓடியது.

லாரி நின்ற இடத்துக்கு வந்ததும் கங்காணி பேர் வாசித்தார்.

"அன்னாளு."

"வந்தாச்சு."

"சுவக்கீனு."

"வந்தாச்சு."

நாற்பத்தொரு பேரும் சரி. "ஒரு ஆள் கொறையல, மாதா புண்ணியம்," என்று கங்காணியே சிலுவை போட்டுக்கொண்டார். அவர் இந்து. அவ்வளவு பயம்.

அன்னாள் அண்டாவை இறக்கிவைத்தாள். இறக்கின கையோடு ரவிக்கை நனைந்தது. பால் கட்டிவிட்டது, பிள்ளைக்குப் பசி நேரம். வாங்கிக்கொள்வதற்காக மூக்கம்மாளைத் தேடினாள். மூக்கம்மாள் லாரிச் சக்கரத்தில் சாய்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் வேர்க்கடலை மட்டும்தான் இருந்தது.

"சித்தி, பிள்ளையக் குடுங்க."

"எந்தப் பிள்ளைய?"

அன்னாள் அவள் கையைப் பார்த்தாள், மடியைப் பார்த்தாள், லாரிக்குள்ளே பார்த்தாள்.

"தூளியில கெடந்துச்சே சித்தி. நீங்க பக்கத்துலதான இருந்தீக."

"இன்னைக்கு எனக்கும் லீவுதான ஆத்தா," என்றாள் மூக்கம்மாள். சொல்லி முடிக்குமுன்னே அவளுக்கே விளங்கிவிட்டது. கடலை கையிலிருந்து சிதறியது.

சுவக்கீன்தான் கத்தினான். நாற்பது பேர் நடுவில், "நீயெல்லாம் ஒரு தாயா, அண்டாவத் தூக்கத் தெரிஞ்சவளுக்குப் பெத்த பிள்ளையத் தூக்கத் தெரியலையா," என்று வாய்க்கு வந்தபடி கத்திவிட்டுக் காட்டைப் பார்த்து ஓடினான். குட்டப்பன் எட்டி அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"ஆனை பாதைமேல நிக்குது. எல்லாரும் ஓடினா எல்லாரும் சாவும். ஒரு ஆளு என்கூட வா. எந்த மரத்துல கட்டினது?"

சுவக்கீனுக்குத் தெரியாது. மூக்கம்மாள் சிதறிய கடலையையே பொறுக்கிக்கொண்டிருந்தாள். அன்னாள் முன்னால் வந்து நின்றாள்.

"நான் கட்டுனேன். நான் வாறேன்."

திரும்பிப் போன அந்த ஒரு மைல் அவளுக்கு ஏழு மலை தாண்டின தூரம். குட்டப்பன் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துப் பார்த்து, பாதையை விட்டு விலகி மரத்துக்கு மரம் மறைந்து கூட்டிப்போனார். வரும்போது அடையாளம் என்று அவள் மனசில் பதித்துவைத்ததெல்லாம் இப்போது எங்கே போயிற்றோ, எல்லா மரமும் ஒரே மரமாக நின்றது. மாதாவே, மாதாவே என்பதற்கு மேல் அவளுக்கு ஜெபம் வரவில்லை. 'அருள் நிறைந்த மரியே' மந்திரத்தில் பாதி மறந்துவிட்டது.

அருவிச் சத்தம் கேட்கத் தொடங்கியதும் குட்டப்பன் சட்டென்று அவள் கையைப் பிடித்து ஒரு மரத்தடியில் உட்கார வைத்தார். வலப்பக்கம் கிளை முறிந்தது. படபடவென்று இன்னொன்று. பச்சை இலை வாடையும் சாண வாடையும் சேர்ந்து அடித்தது. ஆனையைக் காணவில்லை. இலைகளுக்கு அப்பால் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது, அவ்வளவுதான். அதற்கும் அப்பாலிருந்து பிள்ளை அழுகிற சத்தம் வந்தது.

தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவிலும் அது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. பசியழுகை இல்லை. பயத்தில் வீறிடுகிற அழுகை. அன்னாள் எழப் பார்த்தாள். குட்டப்பன் அமுக்கிப் பிடித்தார். கிளை முறிகிற சத்தம் நின்றது. அந்தப் பெரிய உடம்புகளும் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு நிற்கின்றன என்று அவளுக்குத் தெரிந்தது. அழாதே கண்ணு, வாயை மூடு கண்ணு, ஆனை நிக்குது கண்ணு என்று உதட்டுக்குள்ளேயே சொன்னாள். பெற்றவள் பிள்ளையை வாயை மூடு என்று வேண்டிக்கொள்கிற நிலைமை யாருக்கும் வரக்கூடாது.

அழுகை நின்றது.

வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. எண்ணி ஐந்து மூச்சு பொறுத்தாள். அழுகை திரும்ப வரவில்லை. குட்டப்பன் கையைப் பிய்த்து எறிந்துவிட்டு எழுந்து நடந்தாள். ஓடவில்லை, நடந்தாள். ஆனை நின்ற பக்கம் திரும்பவே இல்லை. பின்னால் அவர் மலையாளத்தில் ஏதோ கெஞ்சினார்.

தூளி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் தொடை கனத்துக்கு இருந்த ஒரு கன்று மரம் தோலுரிந்து, நடுவில் ஒடிந்து கிடந்தது. நாலு எட்டில் சாணம், இன்னும் ஆவி பறந்தது. தூளிச் சேலையின் அடியில் சிவப்பாகக் கறை. ரத்தம்.

அன்னாளுக்குத் தூளியை விலக்கிப் பார்க்கக் கை வரவில்லை. இந்தத் துணியை விலக்கினால் என்ன இருக்குமோ, அதற்கப்புறம் தான் எதற்கு இருக்க வேண்டும் என்று தோன்றியது. அப்புறம் விலக்கினாள்.

ஞானஜோதி கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தது. வாய்க்குள் முழுக் கையையும் திணித்துச் சப்பிக்கொண்டிருந்தது. வலது காலில் கொழுத்த அட்டை ஒன்று தொங்கிற்று. அட்டை கடித்த இன்னொரு இடத்திலிருந்துதான் ரத்தம் நூலாக வழிந்துகொண்டிருந்தது.

பிள்ளை விழாதிருக்கக் குறுக்கே போட்டிருந்த முடிச்சை அவிழ்க்க அவளால் முடியவில்லை. ஈரத்தில் அது இறுகிப்போயிருந்தது. குட்டப்பன் வந்து கத்தியால் சேலையை அறுத்துப் பிள்ளையை அவள் கையில் போட்டார். மடியிலிருந்த புகையிலையைக் கசக்கி அட்டைமேல் தேய்த்தார். அது சுருண்டு விழுந்தது. "நட," என்றார். ஆனைகள் அவர்களுக்கு முதுகைக் காட்டி, ஆற்றுப் பக்கமாகக் கிளைகளை ஒடித்துக்கொண்டு போகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

லாரியடியில் எல்லாரும் சுற்றி நின்று பிள்ளையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். மூக்கம்மாள் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கங்காணி பேர் வாசித்த நோட்டைக் கோட்டுப் பைக்குள் வைத்தார். சுவக்கீன் மட்டும் கிட்டே வரவில்லை.

லாரி மலையேறத் தொடங்கியது. முந்தானைக்குள் பிள்ளை பால் குடித்தது. வண்டிப்பெரியாறு தாண்டியபின் சுவக்கீன் மெல்ல நகர்ந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நான் ஒனக்குப் பின்னாலதான் நடந்து வந்தேன் புள்ள," என்றான்.

அவள் திரும்பினாள்.

"பாத முழுக்க ஒன்னப் பாத்துக்கிட்டேதான் வந்தேன். தலையில அண்டா இருந்துச்சு. இடுப்புல பிள்ள இல்ல. ரெண்டையும் பாத்தேன். பாத்தும் எனக்கு ஒண்ணும் தோணல."

அவன் கண்ணில் நீர் கோத்திருந்தது. அவள் ஏதாவது சொல்லமாட்டாளா, திட்டவாவது மாட்டாளா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. கோபத்துக்கு இடமில்லாமல் பயம் நெஞ்சு முழுக்க அப்படியே இருந்தது. காடு பின்னால் போய்விட்டது, ஆனையும் போய்விட்டது, பயம் மட்டும் கூடவே லாரியில் ஏறி வந்துவிட்டது.

"அந்தச் சேலைய அறுத்துட்டாரு," என்றாள். "நாளைக்குக் காலையில தூளி கட்ட வேற சேல எடுக்கணும்."