ராகேலம்மாவின் ஓலைப்பந்தல்

நாற்பத்தொன்பதாம் வருஷம் கோட்டாற்றில் ஞானசிங் தன் பெண்டாட்டி தேவகனியை அறைந்த அறை, அவன் கன்னத்திலேயே விழுந்து இரண்டு கடைவாய்ப் பற்களைக் கழற்றியது. கொச்சியிலிருந்து வந்து மிளகு வியாபாரம் செய்த யூதர் வீட்டு முற்றத்தில், ஓலைப்பந்தலுக்குள் இது நடந்தது. தேவகனி அந்த வீட்டுச் சமையல்காரி. ஏழு நாள் பந்தலுக்குள்ளேயே உண்ணும் யூதர்களின் கூடாரப் பண்டிகைக்காகக் கத்திரிக்காயைக் குடைந்து கொத்துக்கறி அடைத்துக்கொண்டிருந்தாள். அறுவடை பெருகட்டும் என்று அந்த ஏழு நாளும் அவர்கள் எதையும் வயிறு நிறைத்துத்தான் சமைப்பார்கள். ஞானசிங் பல்லைப் பொறுக்கிக்கொண்டு போனான். அவள் மீதிக் காயை அடைத்து முடித்தாள்.

பந்தலைப் பிரித்துவிட்டால் அடி பழையபடி அவள் மேல்தான். ஐம்பதில் உலக்கையால் அவள் மணிக்கட்டை உடைத்தான். ஐம்பத்தொன்றில் வயிற்றில் மிதித்து ஆறு மாதக் கருவைக் கொன்றான். அவர்களுடைய கிறிஸ்தவச் சபையார் அதைத் தெய்வ சித்தம் என்றார்கள், அவர்கள் வாயில் மண் விழ. புரட்டாசி பிறந்ததும் அவள் பந்தலுக்கு நாள் எண்ணத் தொடங்கிவிடுவாள். ஞானசிங்கும் லேசில் விடுகிறவன் அல்ல. ஐம்பத்திரண்டில் பந்தலுக்குள் வந்து கம்பை ஓங்கித் தன் தோளெலும்பை முறித்துக்கொண்டான். பண்டிகைக்கு வந்தவனைப் பட்டினியாக அனுப்பக் கூடாதென்று, எஜமானி ராகேலம்மா அவனுக்கும் கோழி அடைத்த கொழுக்கட்டை கொடுத்தாள்.

ஒருமுறை தேவகனி, "அம்மா, ஓலையை இன்னும் கொஞ்சம் நெருக்கிக் கெட்டட்டா? மழைத்தண்ணி கொழம்புல விழுதே" என்று கேட்டாள்.

"விழட்டெ. ஆகாசம் காணணும், கேட்டோ" என்றாள் ராகேலம்மா.

ஐம்பத்தைந்து சித்திரையில் அந்தக் குடும்பம் இஸ்ரவேலுக்குக் கப்பலேறியது. தேவகனி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். புரட்டாசியில் தன் வீட்டு முற்றத்தில் தானே பந்தல் போட்டாள். போட்டவள் நாஞ்சில் நாட்டுக்காரி; கூரை ஒழுகினால் மானக்கேடு என்று வளர்ந்தவள். பின்னிய தென்னங்கிடுகின் மேல் கிடுகு வைத்து, சொட்டு நீர் இறங்காமல் இறுக்கிக் கட்டிவிட்டு, கத்திரிக்காயை அடைத்து வேகவைத்து, தேங்காய்ப்பாலில் கோழியைக் கொதிக்கவிட்டாள். மத்தியானம் ஞானசிங் வெட்டுக்கத்தியோடு உள்ளே வந்தான்.

"ஏட்டி, இப்ப எந்த யூதன் வந்து காப்பாத்துவான், பாப்பம்."

முதல் வெட்டில் அவளுடைய இரண்டு விரல்கள் அடுப்பருகே விழுந்தன. வலியைவிடத் திகைப்புத்தான் பெரிதாக இருந்தது. அண்ணாந்து பார்த்தாள். மேலே ஓலை மட்டுமே இருந்தது, வானம் இல்லை. பிழை புரிந்தது. மீதி விரல்களால் கிடுகு கட்டிய கயிற்றைப் பிடித்து, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு இழுத்தாள். நாலைந்து கிடுகுகள் சரிந்து மழை அவள் முகத்தில் அடித்தது.

"இப்ப வெட்டும்" என்றாள்.

அவன் யோசிக்கிற ஆளாக இருந்தால் இன்றைக்கும் இருந்திருப்பான். அவள் கழுத்தைப் பார்த்து ஓங்கினான். அவன் தலைதான் உருண்டது. போலீஸ்காரர்கள் கைப்பிழை என்று எழுதிக்கொண்டு, ஆளுக்கொரு கத்திரிக்காய் தின்றுவிட்டுப் போனார்கள்.

ஐம்பத்தாறில் அந்தத் தெருவில் பதினேழு வீட்டு முற்றங்களில் ஒழுகும் பந்தல்கள் நின்றன. ஆண்கள் ஏழு நாளும் நனைந்தபடி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குழம்பில் உப்பு குறைச்சல் என்று எவனும் வாயைத் திறக்கவில்லை.