தொட்டிக்கு மேலே நாலு விளக்கு

மாப்பிள்ளை வாங்கியிருந்த மீன்தொட்டி சோபாவைவிட நீளம். உள்ளே கல், மரவேர், விதவிதமான செடி, ஒரு கூட்டம் குட்டி மீன். மேலே பின்சுவரை ஒட்டி வரிசையாக நாலு விளக்கு. கடையில் இருப்பதிலேயே அதிக வெளிச்சம் தருவது எது என்று கேட்டு அள்ளிக்கொண்டு வந்திருந்தார்.

மகள் வீட்டுக்கு வந்த லைட்டம்மா, பெட்டியைக் கீழே வைப்பதற்குள் கண்ணை இடுக்கிக்கொண்டாள். வாழ்நாளெல்லாம் நாடக மேடைக்கு வெளிச்சம் போட்டவள்; குழுவில் ஒட்டிய பெயர் வீடுவரை வந்துவிட்டது.

"என்ன மாப்பிள்ளை, இங்க யாருக்காவது ஆபரேஷனா?"

"செடிக்கு வெளிச்சம் வேணும் அத்தை. எவ்வளவு கொடுத்தாலும் குடிக்கும்."

குடித்த லட்சணம் தெரிந்தது. கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி. இலைகளில் சீப்பில் சிக்கிய மயிர்போல இன்னொரு பாசி. வெளிச்சம் பின்னாலிருந்து அடித்ததால் மீன்கள் கறுப்புக் காகிதத் துண்டுகளாக நகர்ந்தன, முன்வரிசைச் செடிகள் நிழலில் கிடந்தன. எதிரே உட்கார்ந்தவர் கண்ணில் மட்டும் ஊசியாகக் குத்தியது. மாப்பிள்ளை தினமும் கண்ணாடியைச் சுரண்டுவார், பிறகு போன் வீடியோவில் எவனோ பேசுவதைப் பக்தியோடு கேட்பார்.

"முகம் தெரியணும்னா விளக்கு முன்னாடி வரணும். இதுகூடவா அந்த போன்ல சொல்லல?"

"இது உங்க டிராமா இல்ல அத்தை. சயின்ஸ்."

'டிராமா' என்றபோது அவர் மூக்கைச் சுளித்ததுதான் அவளைச் சுட்டது. மாப்பிள்ளையாயிற்றே, 'ங்க' போட்டுத்தான் திட்ட வேண்டும். "சரிங்க மாப்பிள்ளை. நல்லா சுரண்டுங்க."

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் மகளை ஏணி பிடிக்கச் சொன்னாள்.

"அவர் வந்து குதிப்பாரும்மா."

"குதிக்கட்டும். தொட்டிக்குள்ள குதிக்காம இருந்தா சரி."

இரண்டு விளக்குகளைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். மற்ற இரண்டையும் கூரையிலிருந்து கம்பியில் தொங்கவிட்டாள், நன்றாக உயரத்தில், முன்கண்ணாடிப் பக்கமாக. கண்ணில் அடிக்காதபடி கறுப்பு அட்டையால் ஒரு மறைப்பு.

சாயங்காலம் வந்து நின்ற மாப்பிள்ளை நின்றது நின்றபடிதான். தன் மீன்களுக்குச் சிவப்பும் நீலமும் உண்டென்று அன்றுதான் பார்த்தார். வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு "ம்".

லைட்டம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பாசியும் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் தரையில் புல்லாகப் படர வேண்டிய செடி வெளிறிப்போய், கழுத்தை நீட்டி மேலே எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. மாப்பிள்ளைதான் முதலில் கண்டுபிடித்தார். அவர் முகத்தில் அத்தனை பூரிப்பை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"பாக்கறவங்களுக்குப் போட்டீங்க அத்தை. செடி என்ன வேடிக்கை பாக்கவா வந்திருக்கு? சாப்பிட வந்திருக்கு."

சுருக்கென்றது. இந்த ஆள் சொல்லி அது உண்மையாகவும் இருக்கிறதே என்பதுதான் தாங்கவில்லை.

மறுநாள் அவளே மூன்றாவது விளக்கை எடுத்து வந்தாள். எல்லாவற்றையும் ஒரு சாண் இறக்கினாள். மாப்பிள்ளை ஏணியைப் பிடித்தார். பாசி மறுபடி பிடிக்காமலிருக்க, விளக்கு சாயங்காலமே அணையும்படி டைமரையும் அவரே வைத்தார். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. புல் மெல்லப் பச்சை பிடித்துத் தரையோடு படர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளையின் மேலதிகாரி வீட்டுக்கு வந்தார். தொட்டியைப் பார்த்து அசந்துபோனார். "அடேயப்பா! யார் செஞ்சு கொடுத்தது?"

"நானே யோசிச்சு வெச்சது சார்" என்றார் மாப்பிள்ளை, மாமியார் பக்கம் திரும்பாமல்.

லைட்டம்மா காபிக் கோப்பையை மேஜையில் வைத்தாள். "ஆமாங்க, எல்லாம் மாப்பிள்ளைதான். இதுக்கு முன்னாடி பாசிகூட அவரேதான் வளர்த்தாரு. போன்ல படம் இருக்கும், காட்டச் சொல்லுங்க."

அதிகாரி ஆவலாகக் கையை நீட்டினார். போனில் சார்ஜ் இல்லை என்றார் மாப்பிள்ளை.