இரண்டாம் பாதி

அவன் சட்டையை அவள் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவன் அதைச் சொன்னான்.

“இன்னைக்கே ஹெட்மாஸ்டரப் பாத்து, பத்தாம் வகுப்ப விட்டுடறேன்னு சொல்லிடு. நான் எடுத்துக்கறேன்.”

இஸ்திரிப் பெட்டி காலரில் நின்றது. இருவருக்கும் ஒரே பள்ளி, ஒரே தமிழ்ப் பாடம். அவன் அங்கே பழம்பெருச்சாளி. அவள் சேர்ந்து ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை.

“எதுக்குன்னு கேட்டா?”

“வீட்டுல வேலை அதிகம்னு சொல்லு. பொய்யா?”

பொய்யில்லை. அந்த வேலையில் பாதி அவனுடையது.

காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியார் தலை நிமிராமல் சொன்னாள். “விட்டுக்குடுத்துடேம்மா. நான் எவ்வளவு விட்டுக்குடுத்திருக்கேன். என்ன கொறஞ்சு போயிட்டேன்?”

“அதத்தான் அத்தை தினம் பாத்துட்டிருக்கேன்” என்றாள் அவள். காலர் கருகுவதற்குள் பெட்டியைத் தூக்கினாள்.

வினை, பள்ளிக்கூடத்துப் பலகைத் தடுப்பில் இருந்தது. ஒரே கூடத்தை இரண்டு வகுப்பாக்க யாரோ அடித்த தடுப்பு. கூரை வரை எட்டாதது. இந்தப் பக்கம் அவன் ‘எதிர்நிலை என்பது யாதெனில், ஒன்றுக்கொன்று எதிரான இரு பாதிகளை இணைப்பது’ என்று சொல்லச் சொல்ல, பிள்ளைகள் எழுதிக்கொண்டே தூங்குவார்கள். அந்தப் பக்கம் அதே பாடத்துக்கு அவள் குரல் கேட்கும்.

“முதல் பாதி என்னோடது, ரெண்டாம் பாதி உங்களோடது. சட்டைக்கு ஒரு கை முழுசு, ஒரு கை அரைன்னு தைக்கக் கூடாது. எங்க, ‘பரீட்சை வந்தால் காய்ச்சல் வரும்’...”

“விடுமுறை வந்தால் காய்ச்சல் போகும்” என்று எவனோ முடிப்பான். கூடமே சிரிக்கும். இவன் வகுப்பும் சேர்ந்து சிரிக்கும்.

போன வாரம் தாமதமாக வந்த அவள் வகுப்புப் பையனைத் தாழ்வாரத்தில் மடக்கி, “மணி என்ன ஆகுது?” என்று அதட்டினான். பையன் பணிவாகவே கேட்டான்.

“டீச்சர் சொன்ன பதில் வேண்டாத கேள்வியா சார், இல்ல நெஜமாவே மணி கேக்கறீங்களா?”

வேறு எவளாவது இப்படிப் பாடம் எடுத்திருந்தால் பெருந்தன்மையாக நாலு வார்த்தை பாராட்டியிருப்பான். தன் எச்சில் தட்டைக் கழுவுகிறவளிடம் பள்ளிக்கூடத்தில் தோற்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

அவள் தலைமை ஆசிரியரிடம் பொய் சொல்லவில்லை.

“வீட்டுக்காரருக்கு என் வகுப்பு வேணுமாம் சார். குடுத்துடுங்க.”

அவர் ஏன் என்று கேட்கவில்லை. முகம் மலர்ந்தது. “வீட்டுலயே பேசி முடிச்சுட்டீங்க. குடும்பம்னா இப்படித்தாம்மா இருக்கணும்.” அவனுடைய ஆறாம் வகுப்பை அவளுக்குப் போட்டார்.

மறுநாள் தடுப்பின் அந்தப் பக்கத்துக்கு அவன் போனான். தேய்த்த சட்டை, புதுச் சாக்பீஸ். அவள் முறையைக் கேட்டுக் கேட்டு மனப்பாடமே ஆகியிருந்தது. ‘ஆண் உயர்ந்தால் வீடு மகிழும்’ என்று கரும்பலகையில் எழுதினான். ‘பெண் பொறுத்தால் வீடு நிலைக்கும்’ என்ற இரண்டாம் பாதியும் அவனிடம் தயாராக இருந்தது. பிள்ளைகள் திணறியதும் எடுத்து விடலாம்.

“முடிங்க பாப்போம்.”

பிள்ளைகள் வரியைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள். வகுப்பைக் கேட்டு வாங்கியது யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரே கூரைக்குக் கீழே எதை மறைப்பது? கடைசி பெஞ்சில், ஆசிரியர் அறை ‘வாயாடி’ என்று பெயர் வைத்திருந்த பெண் எழுந்தாள். முன்னால் வந்து, அவன் கையிலிருந்த சாக்பீஸைக் கேட்டு வாங்கி, அவன் வரிக்குக் கீழே நேராக எழுதினாள்.

‘பெண் உயர்ந்தால் வீடு பொறுக்காது.’

“அளவு சரியா இருக்கா சார்?”

அவன் சொல்லுக்குச் சொல் வைத்துப் பார்த்தான். குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தான். எங்கும் ஒரு நூல் தொங்கவில்லை.

“சரிதான்” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, “இத யாரு சொல்லிக் குடுத்தது?”

“வரி அமைக்க டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க” என்றாள் அந்தப் பெண். சாக்பீஸை மேஜைமேல் வைத்தாள். “இந்த விஷயம் உங்ககிட்ட படிச்சது சார்.”

அவள் போய் உட்கார்ந்தாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அதட்டியிருக்கலாம்.

சிரிப்பு தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. கீச்சுக் குரல்களில், ஆறாம் வகுப்புச் சிரிப்பு. நடுவே மனைவியின் குரல். “முதல் பாதி என்னோடது...”

அவன் போய்க் கதவைச் சாத்தினான். ஜன்னலையும் சாத்தினான். பலகைக்கும் கூரைக்கும் நடுவே இருந்த இடைவெளிக்குத்தான் கதவு இல்லை.