வண்டிக்கு ஓட்டம் வேணும்

சர்வேயர் தன் மகளிடம் சொன்ன பொய்களிலேயே அதிக நாள் தாக்குப்பிடித்தது காரைப் பற்றிச் சொன்னதுதான். பத்தொன்பது மாதம், ஞாயிறு தவறாமல், அவள் வீட்டு வாசலில் நின்று கூசாமல் சொன்னார்.

முப்பத்தோரு வருஷம் அடுத்தவர் நிலத்தை அளந்து ஓய்வு பெற்றவர். எதிலும் கணக்கான மனிதர். சட்டைப் பொத்தான் அறுந்தால் தானே தைத்துக்கொள்வார். அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் செய்த ஒரே ஊதாரித்தனம் அந்த ஸ்போர்ட்ஸ் கார். கரும்பச்சை நிறம், ஆறு சிலிண்டர், இரண்டே இருக்கை. விளக்கைப் போட்டால் மூடி இருக்கும் கண்ணிரண்டும் தூக்கத்திலிருந்து எழுவதுபோல மேலே கிளம்பும். மனைவி இறந்த மறு வருஷம், ஏற்கெனவே இரண்டு கை மாறியிருந்த அந்த வண்டியை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். உறவுக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பதினொரு வயது மகள் மட்டும் கதவைத் திறந்து உள்ளே ஏறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ரெண்டே சீட்டுதாம்பா. நமக்குச் சரியா இருக்கு."

அன்று முதல் அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டவர் பிளக். பெற்றோர் வைத்த பெயர் வேறு. எந்த வண்டி வந்தாலும், பிரேக் கோளாறு என்று சொன்னாலும்கூட, முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. "நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிற டாக்டர் மாதிரி" என்று தானே சொல்லிச் சிரிப்பார்.

மகள் வளர்ந்தாள். கணக்கு டீச்சர் ஆனாள். மூன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊரில், செயற்கைப் பல் செய்யும் லேபில் வேலை பார்க்கிறவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். "யாருக்காவது பல்லு போனாத்தான் எங்க வீட்டுல அடுப்பு எரியும்" என்று போனில் கிண்டல் செய்வாள். முப்பத்து நான்கு வயதில் அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும் என்றானது.

சர்வேயர் தன்னுடையதில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பரிசோதித்துவிட்டுச் சேராது என்று சொல்லிவிட்டார்கள். அந்த வாரமே மகள் போன் செய்தாள்.

"அப்பா, கொஞ்ச நாள் வராதீங்க. வர்றவங்க எல்லாம் என்னைப் பார்த்து அழுதுட்டுப் போறாங்க. நான்தான் அவங்களுக்குத் தண்ணி கொடுத்துச் சமாதானம் பண்ண வேண்டியிருக்கு. உங்களையும் அப்படிப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை."

சரி என்றார். இரண்டு வாரம் வீட்டுக்குள்ளேயே குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றி வந்தார். மூன்றாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு அவள் வீட்டு வாசலில் நின்றார். தெருவில் கார் சூடு ஆறும் சத்தம் டிக் டிக்கென்று கேட்டுக்கொண்டிருந்தது.

"என்னப்பா இது?"

"உன்னைப் பார்க்க வரலை. வண்டிக்கு ஓட்டம் வேணும்னு பிளக் சொல்லிட்டான். பழைய இன்ஜின். கடைக்கும் வீட்டுக்குமா ஓட்டினா உள்ளே கரி பிடிச்சுடுமாம். மூணு நாலு மணி நேரம் விரட்டி ஓட்டினாத்தான் எரிஞ்சு வெளியே போகுமாம். எங்கேயாவது போகணுமே. இந்தப் பக்கம் ரோடு நல்லா இருந்துச்சு."

"ரோடு நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப."

மகள் கதவை அகலத் திறந்தாள். "சரி, உள்ளே வாங்க. முதல்ல கையைக் கழுவுங்க."

அதன்பிறகு எல்லா ஞாயிறும் வண்டிக்கு ஓட்டம் தேவைப்பட்டது. அவர் உடம்பைப் பற்றி விசாரிக்க மாட்டார். அவளும் சொல்ல மாட்டாள். மருமகன் காய் நறுக்க, இவர் மின்விசிறியைத் துடைப்பார், கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவார். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டே, பிள்ளைகள் எழுதிய அபத்தங்களை வாசித்துக் காட்டுவாள். மூன்று மணிக்குக் கிளம்பிவிடுவார். "இருட்டுறதுக்குள்ள போனாத்தான் நல்லா விரட்ட முடியும்" என்பது சாக்கு. உண்மையில் மூன்று மணிக்கு மேல் அவள் முகம் வெளுத்து, உட்கார முடியாமல் போகும். அதை அவர் பார்ப்பதை அவள் விரும்ப மாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு ஞாயிறு அவளாகவே கேட்டாள். "அந்த விரட்டுறது எப்படின்னு எனக்குக் காட்டுங்களேன்."

ஊருக்கு வெளியே ஆளில்லாத நேர்ச் சாலைக்குக் கூட்டிப் போனார். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வரும்வரை நிதானமாக ஓட்டினார். பிறகு மூன்றாவது கியரில் வைத்து மிதித்தார். இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் நாலாயிரத்தைத் தாண்டியது, ஐயாயிரத்தைத் தாண்டியது. இன்ஜினின் முனகல் கனத்து ஒரே நீண்ட குரலாக மாறியது. அவள் ஒரு கையால் தலைத்துணியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும்பா, இன்னும்" என்று கத்தினாள். ஊசி குத்திக் குத்தி வீங்கிய இன்னொரு கை ஜன்னலுக்கு வெளியே காற்றை அளைந்துகொண்டிருந்தது. வீடு திரும்பியதும் ஒரு மணி நேரம் படுத்துக் கிடந்தாள். ஆனால் படுத்தபடியே சிரித்தாள்.

பத்தொன்பதாவது மாதம், பிளக் பானெட்டைத் திறந்து முகத்தைச் சுளித்தார். "சார், இன்ஜினுக்குப் பின்னாடி தண்ணி போற ரப்பர் ஹோஸ் ஊதிப்போய் இருக்கு. மாத்தி எட்டு வருஷம் ஆச்சு. இப்படி விரட்டுற வண்டியை இதை வச்சுக்கிட்டு ஓட்டக் கூடாது. பார்ட்டு வெளியூர்லேருந்து வரணும். பத்து நாள் வண்டியை விட்டுட்டுப் போங்க."

பத்து நாள் என்றால் நடுவில் ஒரு ஞாயிறு வரும். பஸ்ஸில் போய் இறங்கினால் என்ன காரணம் சொல்வது?

"அடுத்த மாசம் பார்த்துக்கலாம் பிளக்கு."

"அடுத்த மாசம்னு அது காத்துக்கிட்டு இருக்குமா சார்?"

"இத்தனை நாள் இருந்ததுதானே" என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டார்.

அந்த ஞாயிறு ஒன்றும் ஆகவில்லை. அடுத்து வந்த புதன்கிழமை மதியம் மருமகன் போன் செய்தார். பேசுவதே அரிதான மனிதர். "மாமா, ரெண்டு நாளா காய்ச்சல். ரத்தத்துல கிருமி பரவிடுச்சாம். தீவிர சிகிச்சைல வச்சிருக்காங்க. உங்களைக் கேட்கிறா. வந்துடுங்க."

பஸ் நிலையம் வீட்டிலிருந்து பொடிநடை தூரம். மணிக்கு ஒரு பஸ் உண்டு. அது அவருக்குத் தோன்றவே இல்லை. போட்ட சட்டையோடு காரில் ஏறினார்.

முக்கால்வாசித் தூரம் வண்டி சொன்னபடி கேட்டது. கடைசி மேட்டுச் சாலையில் ஹோஸ் வெடித்துக் கூலன்ட் கசிகிற இனிப்பான வாடை அடித்தது. சூட்டு முள் மெல்ல ஏறிச் சிவப்பைத் தொட்டது. நிறுத்த வேண்டும் என்று தெரியும். இருபது வருஷமாகப் பிளக் அவருக்குச் சொன்ன பாடமே அதுதான். நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சிக்கொண்டே எட்டுக் கிலோமீட்டர் ஓட்டினார். பின்னால் வெள்ளைப் புகை சாலையை மறைத்தது. உள்ளே எதுவோ கடகடவென்று அடித்துக்கொண்டு, பிறகு ஒரேயடியாக அடங்கிவிட்டது.

சாலையோரம் நின்று, போகிற வண்டிக்கெல்லாம் கை காட்டினார். அரை மணி நேரம் கழித்து, மரப்பலகை ஏற்றிய ஒரு லாரி நின்றது. லாரி ஊர் போய்ச் சேர்வதற்குள், அவருக்குப் பிறகு அவர் ஊரிலிருந்து கிளம்பிய பஸ் அவர்களைக் கடந்து போனது. ஜன்னலோரம் ஒரு பெண் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போவதைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் மருமகன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். திரும்பினார். அவள் உயிர் போய் நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

ஒரு மாதம் கழித்து, பிளக் ஆள் வைத்து வண்டியை இழுத்து வந்து பட்டறையில் போட்டு, இன்ஜினின் தலையைக் கழற்றிவிட்டுக் கூப்பிட்டனுப்பினார். சர்வேயர் போனார். நான்கு நாள் தாடி. சட்டையில் பொத்தான் ஒன்று இல்லை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும்" என்றார். "இத்தனை நாள் விரட்டி விரட்டி ஓட்டினேனே, அது இன்ஜினுக்கு நல்லதா கெட்டதா?"

பிளக் விளக்கைப் பிடித்துக் காட்டினார். "பாருங்க. வால்வு, பிஸ்டன் தலை, எதுலயும் கரி இல்லை. பழைய வண்டி உள்ளே இவ்வளவு சுத்தமா நான் பார்த்ததே கிடையாது. நல்லதுதான் செஞ்சிருக்கு. சும்மா நிறுத்தி வச்சிருந்தா துருவும் கரியுமா எப்பவோ செத்திருக்கும். இது செத்தது ஓட்டத்துல இல்லை சார். ஒரு ரப்பர் குழாய்ல. அப்புறம் சூடு ஏறினதும் நிறுத்தாததுல. தலை வளைஞ்சு போச்சு, பிஸ்டன் இறுகிப் பிடிச்சிருச்சு."

"அன்னிக்கே உன்கிட்ட விட்டிருந்தேன்னா..."

"விட்டிருந்தா பஸ்ல போயிருப்பீங்க."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்ன பிறகுதான் பிளக்குக்குப் புரிந்தது. சர்வேயர் ஒரு கவிழ்த்த டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டார். பிளக் கையைத் துணியில் துடைத்தார். கை சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சார், உங்களுக்கு மட்டும் இல்லை, எனக்கும் இதுல பங்கு இருக்கு. போன வருஷம் பாப்பா எனக்குப் போன் பண்ணினா. 'பிளக் மாமா, உண்மையைச் சொல்லுங்க, பழைய வண்டியை வாரா வாரம் ஏழு மணி நேரம் விரட்டணுமா?'ன்னு கேட்டா. அவகிட்டப் பொய் சொல்ல வரலை. 'எதுக்கும்மா, மாசத்துக்கு ஒரு தடவை, நல்லாச் சூடாக்கி ஒரு மணி நேரம் ஓட்டினா தாராளம். அதுக்கு மேல ஓட்டினா தேய்மானம்தான்'னு சொல்லிட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"'அப்பாகிட்ட இதை மட்டும் சொல்லிடாதீங்க மாமா'ன்னா." பிளக் துணியைக் கீழே வைத்தார். "நான் சொல்லலை. பாப்பாவுக்கு எல்லாம் தெரியும்னு சொல்லியிருந்தா, சாக்கு தேவைப்படாம அன்னிக்கே வண்டியை என்கிட்ட விட்டிருப்பீங்க. வாக்கு கொடுத்துட்டோமேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

சர்வேயர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பத்தொன்பது மாதம் அவளுக்கு எதிரில் சிந்தாமல் பத்திரப்படுத்தியதெல்லாம் அந்தப் பட்டறையில், கிரீஸ் நாற்றத்துக்கு நடுவில் வந்தது. பிளக் போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து, பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

இன்ஜினை என்ன செய்வது என்று அன்று இருவரும் பேசவில்லை. பிறகும் பேசவில்லை. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைச் சேகரிக்கும் ஒருவர் அப்படியே கேட்டு வந்தார். சர்வேயர் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டார். வண்டி கட்டி இழுக்கப்பட்டுத் தெருமுனை திரும்பும்போது அவர் உள்ளே போய்விட்டார்.

அந்த வாரம் மருமகன் போன் செய்தார்.

"சாப்பிட்டீங்களா மாமா?"

"ஆச்சு. நீங்க?"

"ஏதோ ஆச்சு. ஞாயித்துக்கிழமை ஆனா வீட்டுல இருக்க முடியலை. பத்து மணிக்கு வாசல்ல போய் நின்னுடறேன். வர்றீங்களா?"

"வண்டி இல்லையே மாப்பிள்ளை."

"தெரியும். சும்மாவே வாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி பஸ்ஸில் சர்வேயர் ஏறினார். எல்லா ஊரிலும் நின்று நின்று போகிற பஸ். அவர் பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. நடத்துனர் எங்கே போக வேண்டும் என்று கேட்டபோது, ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு, கேட்காமலேயே கூடச் சேர்த்துச் சொன்னார்: "என் மருமகனைப் பார்க்கப் போறேன்."