சாத்தாங்காட்டு நிலம்

சாத்தாங்காட்டில் இக்னேஷியஸ் கத்தரி போட்டிருந்தான். அப்பன் காலத்திலிருந்தே அந்தக் குத்தகை நிலம் அவர்கள் கையில்தான் இருந்தது. குத்தகைக்காரரை இனி வெளியேற்ற முடியாதென்று 1955-ல் சட்டம் வந்தது. சந்தையில் காய் வாங்கும் ரஷீது பேப்பரைப் படித்துச் சொன்னார்.

"இனிமே உன்ன எவனும் அசைக்க முடியாது நைனா."

ஆனால் நிலக்காரர் அதற்கு முன்பே நிலத்தைக் குழாய்க் கம்பெனிக்கு விற்கப் பேசிமுடித்திருந்தார். குத்தகைக்காரன் இருந்தால் கம்பெனி வாங்காது. எல்லாம் வாய்ப்பேச்சில் நடந்த குத்தகை. அதனால் அவன் வெறும் கூலியாள் என்று அவர் சாதித்தார்.

விசாரிக்க வருவாய்த்துறை அதிகாரி வயலுக்கே வந்தார். அதே நிலக்காரரின் பக்கத்து நிலத்தில் பயிர்செய்த அருள்பிரகாசத்தைக் கூப்பிட்டார். அவன் இக்னேஷியஸின் மனைவி சிலுவையம்மாளுக்கு அண்ணன்.

"இவர் குத்தகைக்காரரா?"

அருள்பிரகாசம் தலை நிமிரவில்லை. "கூலிக்கு வேல செஞ்சான், ஐயா."

அதிகாரி போனதும் சிலுவையம்மாள் அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா சொல்லிட்ட நீ? நாங்க எங்க போவோம்?"

"கம்பெனி கேட்டுல காவல் வேல தரேன்னாங்க. என் நெலமுந்தான் போவுது. நானும் தெருவுல நிக்கணுமா?"

காய்த்து நின்ற செடிகளோடு நிலம் கைமாறியது. இக்னேஷியஸ் துறைமுகத்தில் நிலக்கரி சுமக்கப் போனான். சிலுவையம்மாளுக்குக் கம்பெனிக் கட்டடத்திலேயே சித்தாள் வேலை கிடைத்தது. அஸ்திவாரம் தோண்டியபோது, வருஷம் தவறாமல் தானே எரு கொட்டிய மண்ணைச் சுமந்துபோய்ச் சதுப்பில் கொட்டினாள். கேட்டில் காவல் நின்ற அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் நாள் மட்டும் அழுதாள். பிறகு அழுகையும் வரவில்லை.

கட்டடம் முடிந்ததும் சித்தாட்களை நிறுத்தினார்கள். காவலுக்குப் பட்டாளத்தில் இருந்தவர்கள் வந்தார்கள். அருள்பிரகாசத்தையும் அனுப்பிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றான். இளைத்துப்போயிருந்தான். சிலுவையம்மாள் கஞ்சி ஊற்றி வைத்தாள். இக்னேஷியஸ் எழுந்து வெளியே போய்விட்டான். வெகுநேரம் கழித்துத் திரும்பியவன், மச்சானைப் பார்க்காமல் மனைவியிடம் சொன்னான்.

"காலையில என்கூட வரச் சொல்லு. கரி சொமக்க ஆளு கேக்கறாங்க."

அன்றிலிருந்து இருவரும் ஒன்றாகத்தான் துறைமுகத்துக்குப் போனார்கள். வழியில் பேசிக்கொள்வதில்லை. இக்னேஷியஸ் முன்னால் நடப்பான். அருள்பிரகாசம் சற்றுத் தள்ளிப் பின்னால் வருவான்.