தண்ணீர் குடித்த படகு

அம்மா இறந்த பிறகு தஹ்சீனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடையாற்று மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் மந்தைவெளித் தெருக்களில் நடப்பாள். கணவன் காஷிஃப் தி.நகர்க் கடையிலிருந்து போன் செய்தால், "இதோ வீட்டுக்குப் போயிட்டிருக்கேங்க" என்பாள். இன்னும் இரண்டு தெரு சுற்றுவாள்.

அப்படி நடந்தபோதுதான், இடிக்கப்போகும் ஒரு வீட்டின் கார் ஷெட்டில் அந்தச் சின்னப் பாய்மரப் படகைப் பார்த்தாள். பதினெட்டு அடி நீளம், தேக்குப் பலகை. தூசி மூடியும் அதன் மூக்கு நிமிர்ந்தே இருந்தது.

"நாப்பத்தொம்பதுல கட்டினது," என்றார் வீட்டுக்காரர் சுப்பராமன். "ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரர் அப்பாகிட்ட கொடுத்துட்டுப் போனார். வெள்ளிக்கிழமை இடிக்க வரா. யாராவது எடுத்துண்டு போனா சரி."

"நான் எடுத்துக்கறேன் சார்." சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே திக்கென்றது.

மீனவர் நாகராஜின் கை முறிந்தபோது எக்ஸ்ரே எடுத்தவள் அவள். அந்தப் பழக்கத்தில் அவர் பட்டினப்பாக்கத்தில் தன் வீட்டருகே படகை வைக்க இடம் கொடுத்தார். இரண்டு மாதம் இருவரும் பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரி அடைத்தார்கள். டிசம்பரில் ஒரு காலை, அடையாற்று முகத்துவாரத்தில் படகை இறக்கினார்கள்.

கால் மணி நேரத்தில் உள்ளே முழங்கால் அளவுத் தண்ணீர்.

"முழுகப்போகுதுண்ணே!"

"முழுகாதும்மா. மரம் காஞ்சி கீது. தண்ணி குடிச்சா ஊதிக்கினு இடுக்கெல்லாம் தானா மூடிக்கும். ரெண்டு நாள் ஆவும். சும்மா குந்து."

சும்மா உட்காரத்தான் அவளால் முடியாது. பக்கெட்டை எடுத்து இறைத்தாள். மதியம் காஷிஃப் சாப்பாட்டுடன் வந்தபோதும் இறைத்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

"போதும் தஹ்சீன். யாருக்காக இப்படி?"

அவள் கை நிற்கவில்லை. "அம்மாவோட நுரையீரல் படத்துல அந்த நிழலை நான்தான் முதல்ல பார்த்தேன். ரிப்போர்ட் வர்ற வரைக்கும் மூணு நாள் யார்கிட்டயும் சொல்லல. 'நீ பார்த்தியே, எப்படி இருக்கு'ன்னு அம்மா கேட்டாங்க. நல்லா இருக்குன்னு சொன்னேன்."

ஒரு வருடமாக அவள் யாரிடமும் சொல்லாதது அது. காஷிஃப் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். அவள் கையிலிருந்த பக்கெட்டை வாங்கினான்.

"நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்," என்றான். சாயங்காலம் வரை அவன்தான் இறைத்தான். அவள் படகின் விளிம்பைப் பிடித்தபடி அழுதாள்.

மறுநாள் மாலை கசிவு நின்றது. மூன்றாம் நாள் நாகராஜ் பாயை ஏற்றினார். காற்று இழுத்ததும் படகு விருட்டென்று சாய்ந்தது. நீச்சல் தெரியாத காஷிஃப் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டான். சுக்கான் தஹ்சீன் கையில் இருந்தது. மணல் திட்டுக்கு அப்பால் கடல் வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. அவள் படகை நேராக அங்கே விட்டாள்.

"அங்க வாணாம்மா, அலை தூக்கிப் போட்டுடும். திருப்பு!" என்று கத்தினார் நாகராஜ்.

கடலைப் பார்த்தாள். கண்ணை இறுக மூடியிருந்த காஷிஃபைப் பார்த்தாள். சுக்கானைத் தள்ளினாள். பாய் தடதடவென்று அடித்து மறுபக்கம் விழுந்தது, படகு திரு.வி.க. பாலத்தை நோக்கித் திரும்பியது.

"முடிஞ்சுதா?" என்றான் காஷிஃப், கண்ணைத் திறக்காமலே.

"இன்னொரு சுத்து," என்றாள்.