வாக்குப்பெட்டி தூக்கியவர்கள்

அன்று காலை கனகலிங்கத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. யாழ்ப்பாணத்து மாவட்டச் செயலகமான கச்சேரியில் பதினாறு வருடம் எழுதுவினைஞராக இருந்த மனிதர், ஜெர்மனிக்கு வந்து ஒன்றரை வருடமாக மணிக்கு இரண்டு மார்க்குக்கு இலை கூட்டுகிறவர், இன்றைக்கு வாக்குப்பெட்டி தூக்கப் போகிறார்! வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார். அதற்கு மேலே நீலக் குளிர்கோட்டு. கண்ணாடியில் பார்த்துத் தலையை இரண்டு தரம் சீவினார்.

"கலியாண மாப்பிள்ளை எண்டு நினைப்போ?" என்றாள் மனைவி பாலாம்பிகை.

"பகிடி விடாதேயும். தேர்தல் வேலையெண்டால் சும்மாவே? நம்பிக்கையானவனைத்தான் கூப்பிடுவாங்கள்."

இது 1984 செப்டெம்பர் கடைசி. ஹம் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மாவட்டம். அகதி மனு முடிவாகும்வரை அங்கே சம்பளத்துக்கு வேலை செய்யச் சட்டம் விடாது. ஆனால் மாவட்டப் பணிமனை பொதுவேலைக்குக் கூப்பிட்டால் போயே ஆகவேண்டும். மறுத்தால் குடும்பத்தின் உதவிப்பணத்தை வெட்டுவார்கள். வேலை செய்யவும் கூடாது, செய்யாமல் இருக்கவும் கூடாது. இந்த நியாயத்தைக் கண்டுபிடித்த மகராசனுக்கு மாலை போட வேண்டும். எது எப்படியோ, விடுதியின் ஒற்றை அறையில் கனகலிங்கமும் பாலாம்பிகையும் ஏழு வயது மகள் வைதேகியும் சாப்பிட்டது அந்த உதவியில்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாவட்டத் தேர்தல். வியாழன் காலை மாவட்ட அதிகாரி பிரிங்க்மான் தானே வானை ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் கனகலிங்கமும், அதே விடுதியில் இருக்கும் புவனேந்திரனும், இருபது சாம்பல்நிற இரும்புப் பெட்டிகளும். புவனேந்திரனுக்கு முப்பது வயது. ஜெர்மன் ஓரளவு ஓடும். வழியெல்லாம் கனகலிங்கம் ஒவ்வொரு பெட்டியின் மூடியையும் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்ன அண்ணை தேடுறியள்?"

"பெட்டி வெறுமையோ எண்டு பாக்கிறன். முதல் வாக்கு விழ முந்தி, பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் காட்டவேணும் தம்பி. நான் எத்தினை தேர்தல் செய்தனான்!"

வான் மேல்நிலைப் பள்ளியின் வாசலில் நின்றது. அந்தப் பள்ளியில்தான் இவ்வளவு நாளும் அவர் இலை கூட்டினார். இந்த வாரம் மட்டும் அவரை இடுகாட்டுப் பக்கம் விட்டிருந்தார்கள். வாசலில் சிவப்பு அங்கி போட்ட முப்பது பேர், பெரிய பதாகைகளோடு நின்றார்கள். தேர்தல் பார்க்க வந்த கட்சிக்காரர் என்று கனகலிங்கம் நினைத்தார். பழைய பழக்கம் விடுமா? பெட்டியோடு இறங்கியவர் அதன் மூடியைத் திறந்து, தலைக்கு மேலே தூக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, வெறும் பெட்டி என்று காட்டினார்.

முப்பது பேரும் ஒன்றாக விசில் ஊதினார்கள். காது கிழிந்துவிடும் போலிருந்தது. நம் ஊரில் விசிலடித்தால் என்ன அர்த்தம் என்பது உங்களுக்குத் தெரியும். கனகலிங்கம் பல் முழுக்கத் தெரியச் சிரித்து, அவர்களுக்குக் கை காட்டினார். விசில் இன்னும் பலத்தது.

கூட்டத்தின் முன்வரிசையில் ஹைன்ஸ் நின்றார். பள்ளியின் பராமரிப்பாளர், போன மாரியில் இவர் நடுங்குவதைப் பார்த்துவிட்டுத் தன் நீலக் கோட்டைக் கழற்றிக் கொடுத்த மனிதர். அவர் மட்டும் ஊதவில்லை. இவரைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னவாம் தம்பி?"

புவனேந்திரன் நிலத்தைப் பார்த்தான். "இவையெல்லாம் தொழிற்சங்க ஆக்கள் அண்ணை. புதன்கிழமையில இருந்து வேலைநிறுத்தமாம். பள்ளிக்கூடத்துப் பராமரிப்பு, துப்பரவு எல்லாத்தையும் ஒரு கொம்பனியிட்டைக் குடுக்கப் போகினமாம். நிர்வாகச் சீர்திருத்தமாம். அதுக்கு எதிரான வேட்பாளருக்குத்தான் வாக்குப் போடச் சொல்லிச் சங்கம் ஊரெல்லாம் திரியுது. பெட்டி தூக்கிறது இவையின்ர வேலை. நாங்கள் வந்து தூக்கிறம்."

"விசில்?"

"இஞ்சை விசில் எண்டால் கூ அடிக்கிற மாதிரி."

"ஹைன்ஸ் சொன்ன சொல்லு?"

"வேலைநிறுத்தத்தை உடைக்கிறவன் எண்டு..."

அதற்குத் தமிழில் ஒரே சொல்லில் பெயர் இருக்கிறது. கருங்காலி. அது கனகலிங்கத்தின் மண்டைக்குள் இறங்கியது. அவருக்கு அதைவிடப் பெரிய வசவு உலகத்தில் இல்லை.

1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் இறங்கி உத்தியோகத்தை இழந்த ஆயிரக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். அந்த நாட்களில் கச்சேரிக்குள் வேலைக்குப் போய்க் கையெழுத்து வைத்தவர்களில் பாலாம்பிகையின் ஒரே தம்பியும் இருந்தான். வேலை கிடைத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, பயந்துவிட்டான். அன்றிலிருந்து கனகலிங்கம் அவனோடு பேசவில்லை. அவன் கலியாணத்துக்கு அவரும் போகவில்லை, பாலாம்பிகையையும் போக விடவில்லை. அடுத்த வருடம் மாவட்ட சபைத் தேர்தல் வந்தது. அதுவும் ஒரு பெரிய சீர்திருத்தம் என்றுதான் சொன்னார்கள். பெட்டிக்குப் பொறுப்பாக, பழகிய ஆட்களை விட்டுவிட்டு வெளியூர் ஆட்களை பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கினார்கள். கனகலிங்கம் தெருவோரம் நின்று அதைப் பார்த்தார். பிறகு சில பெட்டிகள் காணாமலே போயின. பஸ்ஸிலிருந்து இறங்கிய அந்த முகங்களை அவர் மூன்று வருடமாகத் திட்டாத நாள் இல்லை. இன்றைக்கு வானிலிருந்து இறங்கியது அவருடைய முகம்.

"கடவுளே," என்றார். பெட்டியை நிலத்தில் வைத்தார்.

பிரிங்க்மான் வந்து ஏதோ அதட்டினார். கனகலிங்கம் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் ஒரே சொல் சொன்னார்: "நைன்." மாட்டேன். பிரிங்க்மான் சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து அவர் பெயரை எழுதினார். புவனேந்திரன், "எனக்கு ஏலாது அண்ணை, குறை நினையாதேங்கோ," என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். ஹைன்ஸ் வந்து கனகலிங்கத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். முப்பது பேரும் கை தட்டினார்கள். இம்முறை அது கைதட்டல்தான், சந்தேகமில்லை.

மத்தியானம் விடுதிக்கு வந்து, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பாலாம்பிகைக்கு எல்லாவற்றையும் சொன்னார். கறிக்கு லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தவள் விசில் கதைக்கு வாய்விட்டுச் சிரித்தாள். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

"பேரை எழுதினவரோ?"

"எழுதட்டும். நாளைக்கு நானும் அவையோட போய் நிக்கப் போறன்."

"உதவியை வெட்டினால்?"

"வெட்டினால் வெட்டட்டும். கருங்காலியா இருந்து சோறு தின்னோணுமே?"

"எண்பதிலையும் இதைத்தான் சொன்னனீங்கள்." அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "நீங்கள் வேலையை விட்டிட்டு வந்தியள். நான் விடிய விடிய மா இடிச்சு, இடியப்பம் அவிச்சுக் கடைகளுக்குக் குடுத்தனான். ஒருக்கால் தன்னும் கேட்டனீங்களே, உனக்குச் சம்மதமோ எண்டு?"

"அது கொள்கை, பாலாம்பிகை."

அவள் லீக்ஸைச் சட்டியில் போட்டாள். பின்னேரம் புவனேந்திரன் கதவுக்கு வந்து, பிரிங்க்மான் சொல்லிவிட்டதைச் சொன்னான்: குடும்பத்தில் யாராவது ஒருவர் நாளைக்கு வேலைக்கு வந்தால் குறிப்புப் புத்தகத்தில் எழுதிய பெயரை அடித்துவிடுவாராம், வராவிட்டால் உதவியை வெட்டச் சொல்லிக் கடிதம் போகுமாம். கனகலிங்கம், "போய்ச் சொல்லு, ஒருத்தரும் வரமாட்டினம்," என்றார். பாலாம்பிகை, "எத்தினை மணிக்கு வான் வரும்?" என்று கேட்டாள். அவள் ஏன் கேட்டாள் என்று அந்த மனிதர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கொள்கை உள்ளவர்களுக்கு இப்படி ஒரு வசதி உண்டு.

வெள்ளிக்கிழமை வெள்ளெனவே எழும்பி, கோட்டுக்கூடப் போடாமல், பழைய ஸ்வெட்டரோடு பள்ளி வாசலுக்கு ஓடினார். ஹைன்ஸ் சூடான கோப்பி கொடுத்து, கழுத்தில் ஒரு சிவப்பு விசிலை மாட்டிவிட்டார். யாரோ ஒரு பெண் சிவப்பு அங்கி போர்த்திவிட்டாள். நாலு வருடத்துக்குப் பிறகு கனகலிங்கம் மறுபடியும் ஒரு வரிசையில் தோளோடு தோளாக நின்றார். கண் கலங்கிவிட்டது. நாடு வேறு, பாஷை வேறு, ஆனால் இந்த வரிசை தன்னுடையது என்று நினைத்தார்.

எட்டு மணிக்கு வான் வந்தது. முப்பத்தொரு பேரும் ஊதினார்கள். கனகலிங்கம் இருந்த மூச்சையெல்லாம் கூட்டி ஊதினார். அந்த பஸ்ஸில் வந்தவர்களுக்காகவும் சேர்த்து ஊதினார், முகம் சிவக்க, கழுத்து நரம்பு புடைக்க.

பின்கதவு திறந்தது. முதலில் புவனேந்திரன் இறங்கினான். அவனுக்குப் பின்னால், கைகளை மடித்துவிட்ட ஒரு நீலக் கோட்டு இறங்கியது. சாம்பல்நிறப் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி அதற்குள் பாலாம்பிகை நின்றாள்.

விசில் அவர் வாயிலேயே இருந்தது. எடுக்கக் கை வரவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் ஊதிக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

அவள் நேரே அவரிடம்தான் வந்தாள். விசில் என்றால் இங்கே என்ன என்று நேற்றுத்தான் அவர் அவளுக்கு விளங்கப்படுத்தியிருந்தார்.

"ஊதி முடிஞ்சுதோ?" என்று கேட்டாள். "என்ர தம்பியோட நாலு வருசமாக் கதைக்கேல்லை. இனி என்னோடையும் கதைக்க வேண்டாம். இப்ப வழி விடுங்கோ, எனக்குக் கை நோகுது."

கனகலிங்கம் விலகினார். அவள் படியேறி உள்ளே போனாள். கோட்டு அவளுக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

ஹைன்ஸும் அந்தக் கோட்டை அடையாளம் கண்டுகொண்டார். விசிலை இறக்கிவிட்டு, கனகலிங்கத்தின் காதருகே குனிந்து கேட்டார். அந்தக் கேள்வி கனகலிங்கத்துக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கியது. யார் அந்தப் பெண்?

பதிலும் தெரியும். விடுதிக்கு வந்து ஜெர்மன் படிப்பித்தவர்கள் முதல் நாளே சொல்லிக்கொடுத்த சொற்கள்.

"மைனே ஃபிராவ்," என்றார். என் மனைவி.

ஹைன்ஸ் தன் விசிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். மற்றவர்களுக்கு அது கேட்கவில்லை. அவர்கள் ஊதிக்கொண்டே இருந்தார்கள்.